ரெப்ளிகேஷன் போடும் முன் ரைட்டை அளந்துவிடுங்கள்

டிஆர் சைட் (மூல சைட் விழுந்தால் வேலையை எடுத்துக்கொள்ளும் மாற்று டேட்டா சென்டர்) ஒன்று வரப்போகிறது, அங்கே நகலை அனுப்பிக்கொண்டே இருக்க எந்த ரெப்ளிகேஷன் சாஃப்ட்வேர் நல்லது என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் விஎம்கள், அதாவது மெய்நிகர் சர்வர்கள், ஒரு மணி நேரத்தில் டிஸ்க்கில் எவ்வளவு எழுதுகின்றன? ரைட் என்பது இதைத்தான். பெரும்பாலும் பதில் வராது. மொத்த டிஸ்க் எத்தனை டிபி என்று தெரிந்திருக்கும், லைன் எத்தனை எம்பிபிஎஸ் என்று தெரிந்திருக்கும், எழுதும் அளவு மட்டும் தெரியாது. ஆனால் இரண்டு டேட்டா சென்டர்களுக்கு நடுவே ரெப்ளிகேஷன் நிம்மதியாக ஓடுமா, தினமும் திணறுமா என்பதை முடிவு செய்வது அந்த ஒரு எண்தான்.

சமீபத்தில் நாங்கள் செய்து முடித்த வேலையை வைத்தே சொல்கிறேன். இரண்டு சைட்டிலும் விஎம்களை ஓட்டுவது விஎம்வேர். நடுவில் 200 எம்பிபிஎஸ் லைன், அதன் மேல் டிராஃபிக்கைப் பூட்டி அனுப்பும் ஐபிசெக் விபிஎன் டனல். பாதுகாக்க வேண்டிய விஎம்கள் மொத்தம் சுமார் 6 டிபி. தேர்ந்தெடுத்தது விஎம்வேரின் விஸ்பியர் ரெப்ளிகேஷன், கூடவே ஃபெயில்ஓவரை (மூல சைட் விழுந்தால் விஎம்களை எதிர் சைட்டில் எழுப்புவதை) ஒருங்கிணைக்க சைட் ரிகவரி மேனேஜர்.

இது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் புரிந்துவிடும். விஎம் ஓடும் இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டுக்குள் (விஎம்வேர் போட்ட சர்வர்), டிஸ்க்கில் எழுதும் பாதையிலேயே ஒரு ஃபில்டர் உட்கார்ந்திருக்கும். எந்தெந்த பிளாக் (டிஸ்க்கின் சிறு துண்டு) மாறியது என்று அது குறித்துக்கொண்டே வரும். நேரம் வந்ததும் மாறிய பிளாக்குகளை மட்டும் எடுத்து, எதிர் சைட்டில் இருக்கும் ரெப்ளிகேஷன் அப்ளையன்ஸுக்கு (இந்த வேலைக்கென்றே தயாராக வரும் விஎம்) 31031 போர்ட் வழியாக அனுப்பும். அப்ளையன்ஸ் அதை வாங்கி அங்குள்ள ஹோஸ்டுகள் மூலம், 902 போர்ட்டில், டேட்டாஸ்டோரில் எழுதும். ஒரு சுற்று முழுதாக வந்து சேர்ந்த பிறகுதான் பழைய நகலோடு சேர்க்கும். பாதியில் லைன் அறுந்தாலும் கடைசியாக வந்த நல்ல நகல் கெடாது. இந்தப் பொறுமையான வடிவமைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

இன்ஸ்டால் செய்வதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஒவ்வொரு சைட்டிலும் விசென்டர் (விஎம்வேரை நிர்வகிக்கும் சர்வர்) வழியாக அப்ளையன்ஸின் ஓவிஎஃப் டெம்ப்ளேட்டை டெப்ளாய் செய்து, 5480 போர்ட்டில் உள்ள பக்கத்தில் போய் விசென்டரோடு ரெஜிஸ்டர் செய்து, இரண்டு சைட்டையும் பேரிங் செய்ய, அதாவது ஜோடி சேர்க்க வேண்டும். டிஎன்எஸ்ஸில் பெயரிலிருந்து ஐபியும் ஐபியிலிருந்து பெயரும் சரியாக வருகிறதா, இரண்டு பக்கமும் என்டிபி ஒரே நேரத்தைக் காட்டுகிறதா, சர்ட்டிஃபிகேட்டில் உள்ள பெயர் நீங்கள் கொடுத்த முழுப் பெயரோடு பொருந்துகிறதா என்பதை முன்பே பார்த்துவிட்டால் பேரிங் ஒரே மூச்சில் முடியும். ரெப்ளிகேஷன் டிராஃபிக்குக்கு என்று தனி விஎம்கர்னல் அடாப்டர் (ஹோஸ்டின் சொந்த நெட்வொர்க் இன்டர்ஃபேஸ்) வைத்து, அனுப்பும் பக்கம் ரெப்ளிகேஷன் சர்வீஸையும் வாங்கும் பக்கம் டிஸ்க்கில் எழுதுவதற்கான என்எஃப்சி சர்வீஸையும் அதில் டிக் செய்துவிடுங்கள். மேனேஜ்மென்ட் நெட்வொர்க்கிலேயே எல்லாவற்றையும் ஓடவிட்டால் பிறகு எந்த டிராஃபிக் எதனுடையது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

உண்மையான வேலை ஆர்பிஓவில் ஆரம்பிக்கிறது. எவ்வளவு நேரத்து டேட்டா போனால் தாங்கும் என்பதுதான் ஆர்பிஓ. விஸ்பியர் ரெப்ளிகேஷனில் வழக்கமாக 5 நிமிடத்திலிருந்து 24 மணி நேரம் வரை வைக்கலாம். புதிய வெர்ஷன்களில் வந்திருக்கும் என்ஹான்ஸ்டு முறையில் 1 நிமிடம் வரை இறங்கலாம். ஆனால் 1 மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு ஒரு தடவை அனுப்பும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. எதிர்ப்பக்கம் இருக்கும் நகல் எந்த நொடியிலும் 1 மணி நேரத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10:00 மணி நிலவரத்தை அனுப்பத் தொடங்கி, போய்ச் சேர 35 நிமிடம் ஆகிறது. 10:35க்கு வந்து சேரும்போதே அந்த நகலுக்கு வயது 35 நிமிடம். உடனே அடுத்த சுற்று தொடங்கினாலும் அது முடிய 11:10 ஆகும். 11:00க்கும் 11:10க்கும் நடுவில் சைட் விழுந்தால் உங்கள் கையில் இருப்பது 10:00 மணி நகல். ஆர்பிஓ மீறப்பட்டுவிட்டது. அதாவது ஒரு சுற்று போய்ச் சேரும் நேரம் ஆர்பிஓவில் பாதியைத் தாண்டவே கூடாது. ஆர்பிஓ வயலேஷன் என்று மஞ்சளும் சிவப்புமாக வரும் எச்சரிக்கைகளில் பெரும்பகுதிக்கு இந்தப் பாதிக் கணக்குதான் காரணம்.

இன்னொரு விஷயமும் உண்டு. இதைப் பேசுகிறவர்கள் குறைவு. ஆர்பிஓவைக் குறைத்தால் லைனில் போகும் மொத்த அளவு கூடும். டேட்டாபேஸில் ஒரே பிளாக் ஒரு மணி நேரத்தில் நூறு தடவை மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஒரு முறை அனுப்பினால் கடைசி நிலை மட்டும், ஒரே ஒரு தடவை போகும். 5 நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பினால் அதே பிளாக் பன்னிரண்டு தடவை போகக்கூடும். ஆகவே நேற்றைய இன்கிரிமென்டல் பேக்கப் (மாறியதை மட்டும் எடுப்பது) 40 ஜிபி, எனவே ஒரு நாளைக்கு 40 ஜிபிதான் போகும் என்று கணக்குப் போடுவது தவறு. அந்த பேக்கப் அளவு நல்ல தொடக்கம்தான். நானும் அங்கிருந்துதான் தொடங்குவேன். ஆனால் குறுகிய ஆர்பிஓ கேட்கும் விஎம்களுக்கு ஹோஸ்டிலேயே ரைட் வேகத்தை எடுத்து, குறைந்தது ஒரு முழு வாரமாவது பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரியும் அதில் வர வேண்டும். டேட்டாபேஸின் இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டி நிறைய எழுதும் இண்டெக்ஸ் ரீபில்ட் பெரும்பாலும் அன்றைக்குத்தான் ஓடும்.

எங்கள் கிராஃபில் ஒரு டேட்டாபேஸ் சர்வர் மட்டும் தினமும் ராத்திரி ஒரு மணிக்கு மலை போல எழும்பி நின்றது. பகல் முழுதும் சேர்த்து 6 ஜிபி கூட எழுதாத சர்வர், ஒரு மணிக்கு மேல் 180 ஜிபி எழுதியது. டேட்டாபேஸை நிர்வகிக்கும் டிபிஏ மேடத்திடம் போய்க் கேட்டேன்.

“மேடம், ராத்திரி ஒரு மணிக்கு இந்த சர்வர் என்ன செய்யுது?”

“ஃபுல் டம்ப் எடுக்குது, மொத்த டேட்டாபேஸோட நகல். அங்கிருந்துதான் பேக்கப் சாஃப்ட்வேர் தூக்கிட்டுப் போகுது.”

“எந்த டிரைவ்ல எழுதுது?”

“டேட்டா இருக்கிற அதே டிரைவ்லதான். அங்கதான் இடம் இருந்துச்சு. ஏன், அதுல என்ன பிரச்சினை?”

பிரச்சினை என்ன என்று பேப்பரில் போட்டுக் காட்டினேன். 200 எம்பிபிஎஸ் லைனில் மற்ற வேலைகளுக்கு விட்டது போக ரெப்ளிகேஷனுக்குக் கிடைப்பது 140. அது நொடிக்கு 17.5 எம்பி. மணிக்கு 63 ஜிபி. அந்த 180 ஜிபி டம்ப் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். அந்த மூன்று மணி நேரமும் மற்ற விஎம்கள் எல்லாம் அதே லைனில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். இத்தனைக்கும் அந்த டம்ப் ஏற்கெனவே பேக்கப்பில் இருக்கிறது. எதிர் சைட்டில் அது யாருக்கும் தேவையில்லை.

மேடம் அன்றைக்கே டம்ப்புக்குத் தனி டிஸ்க் கேட்டு வாங்கி மாற்றிவிட்டார். அந்த டிஸ்க்கை ரெப்ளிகேஷனிலிருந்து விலக்கினோம். இதே போல பேஜ்ஃபைல் (மெமரி போதாதபோது டிஸ்க்கில் எழுதும் ஃபைல்), டேட்டாபேஸின் தற்காலிக ஃபைல்கள் இவற்றையும் தனி டிஸ்க்குக்கு நகர்த்தினோம். விஎம்முக்குள் டிஸ்க்கில் சிதறிய ஃபைல்களை ஒழுங்காக அடுக்கும் டிஃப்ராக் ஷெட்யூல் ஓடிக்கொண்டிருந்த இடங்களில் அதை நிறுத்தினோம். டிஃப்ராக் ஒரு எழுத்தைக் கூட மாற்றாது, இடத்தை மட்டும்தான் மாற்றும். ஆனால் பிளாக் அளவில் பார்க்கும் ரெப்ளிகேஷனுக்கு எல்லாமே புது டேட்டாதான். வேறு லைன் வாங்காமல், ஒரு ரூட்டரைக் கூடத் தொடாமல், ராத்திரி டிராஃபிக் அடங்கிவிட்டது. பெரிய பேண்ட்வித் கேட்டு ஃபைல் அனுப்புவதற்கு முன்னால் இந்த வேலையை எல்லாரும் செய்ய வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

ஆர்பிஓ எண்ணை வாங்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. அப்ளிகேஷன் வைத்திருப்பவர்களிடம் எவ்வளவு டேட்டா போகலாம் என்று கேட்டால், ஒன்றும் போகக் கூடாது என்றுதான் சொல்வார்கள். அது அவர்கள் தவறில்லை, கேள்வி அப்படி. நான் இப்படிக் கேட்கிறேன்: “சார், கடைசி அரை மணி நேர என்ட்ரியை மறுபடி போடணும்னா எதைப் பார்த்துப் போடுவீங்க?” பேப்பர் இருக்கிறது, மெயில் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அந்த விஎம்முக்கு 1 மணி நேரம் போதும். எதுவும் இல்லை, திரையில் போட்டதோடு சரி என்று ஒருவர் சொன்னால் அங்கே 5 நிமிடம் வையுங்கள், அதற்காக லைனில் இடம் ஒதுக்குங்கள். எல்லா விஎம்முக்கும் ஒரே எண்ணைப் போட்டு முடித்துவிடுவது வசதியாக இருக்கும். ஆனால் அவசியமானவற்றின் இடத்தை அவசியமற்றவை பிடித்துக்கொள்ளும்.

இனி எங்களை நிறுத்திவைத்த ஒரு விஷயம். பேரிங் முடிந்தது, இரண்டு சைட்டும் கனெக்டட் என்று பச்சையாக இருந்தது. முதல் விஎம்முக்கு ரெப்ளிகேஷன் போட்டதும் இனிஷியல் ஃபுல் சிங்க் (முதல் முழு நகல்) தொடங்கி, 0 சதவீதத்திலேயே நின்றது. எரர் எதுவும் இல்லை. ஃபயர்வாலில் 31031 திறந்திருந்தது, போர்ட் டெஸ்ட் செய்தால் கனெக்ட் ஆனது. நெட்வொர்க் டீமும் பிங் போகிறது என்று காட்டினார்கள்.

சாதாரண பிங் போகும்; அது சின்ன பாக்கெட். ஹோஸ்டுக்குள் போய் ரெப்ளிகேஷன் விஎம்கர்னலிலிருந்து, பாக்கெட்டை நடுவில் உடைக்கக் கூடாது என்ற குறியோடு 1472 பைட் அளவில் விஎம்கேபிங் (ஹோஸ்டின் பிங் கட்டளை) அடித்தோம். ஹெடர் 28 பைட் சேர்ந்தால் அது சரியாக 1500. ஒரு பதிலும் இல்லை. 1372க்கு இறக்கினோம். பதில் வந்தது. ஐபிசெக் தன் பங்குக்கு ஒவ்வொரு பாக்கெட்டிலும் சில பத்து பைட்டுகளைச் சேர்ப்பதால் முழு அளவுப் பாக்கெட் டனலுக்குள் நுழைய முடியவில்லை. பாக்கெட் பெரிது, சிறிதாக அனுப்பு என்று ரூட்டர் திருப்பிச் சொல்லும் ஐசிஎம்பி செய்தியை நடுவில் ஒரு ஃபயர்வால் விழுங்கிக்கொண்டிருந்தது. ஹேண்ட்ஷேக் எல்லாம் சின்னப் பாக்கெட் என்பதால் கனெக்ஷன் அழகாக உருவானது. டேட்டா பிளாக் கிளம்பியதும் ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. டனல் இன்டர்ஃபேஸில் டிசிபி எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்டில் போகக்கூடிய டேட்டாவின் உச்ச அளவு) 1360 என்று கட்டுப்படுத்தியதும் சதவீதம் ஏறத் தொடங்கியது. விபிஎன் மேல் எந்த ரெப்ளிகேஷன் போட்டாலும், ஜெர்ட்டோவாக இருந்தாலும் ஹைப்பர்-வி ரெப்ளிகாவாக இருந்தாலும், இந்த டெஸ்ட்டை முதலிலேயே செய்துவிடுங்கள்.

முதல் நகல் போய்ச் சேர்வதற்கும் கணக்கு அதேதான். 6 டிபியை மணிக்கு 63 ஜிபி வீதம் அனுப்பினால் 95 மணி நேரம், கிட்டத்தட்ட நான்கு நாள். அதுவும் அந்த நாட்களில் வேறு ஒன்றும் மாறாமல் இருந்தால். பெரிய விஎம்களுக்கு சீட் முறை கைகொடுக்கும். டிஸ்க்கின் நகலை வேறு வழியில், எடுத்துச் செல்லும் ஸ்டோரேஜிலோ எதிர் சைட்டில் உள்ள பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர் செய்தோ, அங்கே வைத்துவிட்டு, இதை அடிப்படையாக எடுத்துக்கொள் என்று சொல்லலாம். இரண்டு பக்கமும் செக்சம் (டேட்டாவிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் அனுப்பும். செக்சம் போட மூல டிஸ்க்கை முழுதாகப் படிக்கும் என்பதால், பல விஎம்களுக்கு ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள், ஸ்டோரேஜ் திணறும். ஹோஸ்ட் திடீரென விழுந்து விஎம் வேறு ஹோஸ்டில் எழும்பினாலும் இதே ஒப்பீடு மறுபடி நடக்கும்.

எல்லாவற்றையும் ரெப்ளிகேட் செய்யவும் வேண்டாம். பயனர்களின் லாகினைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலரை நான் ரெப்ளிகேட் செய்வதில்லை. அதில் ஓடும் ஆக்டிவ் டைரக்டரிக்குத் தன்னுடைய ரெப்ளிகேஷன் இருக்கிறது. எதிர் சைட்டில் உயிரோடு ஒரு டொமைன் கன்ட்ரோலர் ஓடிக்கொண்டிருக்கட்டும். டிஎன்எஸ்ஸும் அங்கேயே தயாராக இருக்கும். டேட்டாபேஸே சொந்தமாக ரெப்ளிகா வைத்துக்கொள்ளும் திறன் உள்ளதாக இருந்தால் பெரும்பாலும் அதுதான் மேல்.

ஃபைல் ஸ்டோர் ஒரு விஎம்மிலும் அதன் குறிப்புகள் டேட்டாபேஸாக இன்னொரு விஎம்மிலும் இருக்கும் அப்ளிகேஷன்களில் கவனம் தேவை. விஸ்பியர் ரெப்ளிகேஷன் ஒவ்வொரு விஎம்மையும் தனித்தனியாகத்தான் நகலெடுக்கும். டேட்டாபேஸ் நகல் 10:20 நிலையிலும் ஃபைல் சர்வர் நகல் 9:50 நிலையிலும் இருந்தால், டேட்டாபேஸில் பதிவு இருக்கும், அது காட்டும் ஃபைல் இருக்காது. பல விஎம்கள் ஒரே நொடி நிலையில் எழ வேண்டும் என்பது கட்டாயமானால், விஎம்களைக் குழுவாகச் சேர்த்து ஜர்னல் (எழுதியவற்றின் வரிசைப் பதிவு) வைக்கும் ஜெர்ட்டோ போன்றவற்றைப் பார்க்கலாம். அது எழுத எழுத அனுப்பிக்கொண்டே இருக்கும் என்பதால் லைன் கணக்கை இன்னும் கறாராகப் போட வேண்டும்.

டெஸ்ட் ஃபெயில்ஓவரில் நான் மிகவும் அழுத்திச் சொல்வது டெஸ்ட் நெட்வொர்க் உண்மையிலேயே தனியாக இருக்க வேண்டும் என்பதை. நகல் விஎம் எழுந்ததும் தான் நகல் என்று அதற்குத் தெரியாது. அதன் ஷெட்யூலர் கண் விழிக்கும், காத்திருந்த மெயில்களை உண்மையான வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும், கான்ஃபிகில் எழுதிவைத்த ஐபியைப் பிடித்து ஓடிக்கொண்டிருக்கும் உண்மை டேட்டாபேஸிலேயே எழுதும். எனவே அப்லிங்க் (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் இணைப்பு) இல்லாத ஸ்விட்சில் போர்ட் குரூப் வைத்து, உள்ளே ஒரு தற்காலிக டொமைன் கன்ட்ரோலரையும் வைத்துத்தான் எழுப்ப வேண்டும். சைட் ரிகவரி மேனேஜரில் 1 முதல் 5 வரை முன்னுரிமை கொடுக்கலாம். டேட்டாபேஸ் முதலில், அப்ளிகேஷன் அடுத்து, வெப் கடைசி. விஎம்கள் பவர் ஆன் ஆனதோடு டெஸ்ட் முடிந்தது என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அந்தந்த டீமிலிருந்து ஒருவர் உள்ளே லாகின் செய்து, ஒரு ரிப்போர்ட் எடுத்து, கடைசி என்ட்ரி எத்தனை மணிக்கானது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த மணிதான் உங்கள் உண்மையான ஆர்பிஓ.

ரெப்ளிகேஷன் இருப்பதால் பேக்கப்பை நிறுத்தலாமா என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் வருகிறது. கூடாது. ரான்சம்வேர் ஃபைல்களைப் பூட்டினால் பூட்டிய பிளாக்குகளும் அதே விசுவாசத்தோடு எதிர்ப்பக்கம் போகும். 24 வரை பழைய நிலைகளை வைத்துக்கொள்ளும் வசதியை அவசியம் போடுங்கள். ஆனாலும் அது பேக்கப்புக்கு ஈடாகாது. வெளியில் நகலே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜியான் நகரில், தேசியத் தகவல் வள மையத்தில் பிடித்த தீ காட்டியது. அரசு ஊழியர்கள் ஃபைல்களை வைத்திருந்த ஜி-டிரைவ் அழிந்தது. 858 டிபி, வெளியில் பேக்கப் இல்லை. 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் எஸ்பிஜி2 கட்டடம் எரிந்தபோதும் பேக்கப்பைத் தனியாக வேறு இடத்தில் வைக்காதவர்களில் பலர் தங்கள் டேட்டாவை இழந்தார்கள். அந்த ஃபைல்களுக்குப் பின்னால் இருந்த மனிதர்களின் வருடக்கணக்கான உழைப்பை நினைத்தால் எனக்கு இன்றும் மனது கனக்கிறது.

கடைசியாகத் திரும்பி வருவது. ஃபெயில்ஓவர் செய்து எதிர் சைட்டில் சில நாள் ஓடிய பிறகு, மூல சைட் சரியாகிவிடும். அங்கே பழைய விஎம்கள் அணைந்து கிடக்கும். சுத்தம் செய்கிறோம் என்று அவற்றை டிஸ்க்கோடு அழித்துவிடாதீர்கள். ரீபுரொடெக்ட் கொடுத்து ரெப்ளிகேஷனைத் தலைகீழாகத் திருப்பும்போது அந்தப் பழைய டிஸ்க்குகளே சீடாகிவிடும், சில நாள் வித்தியாசம் மட்டும் வரும். அழித்துவிட்டால் மறுபடி 6 டிபி, மறுபடி 95 மணி நேரம். எங்கள் ரன்புக்கில் (படிப்படியான செயல் கையேடு) டிஆர் சைட்டுக்குப் போவதற்கு எத்தனை பக்கமோ, திரும்பி வருவதற்கும் அத்தனை பக்கம் இருக்கிறது. இப்போது அடுத்த டெஸ்ட்டுக்காக அந்த இரண்டாம் பாதியைத்தான் டிபிஏ மேடத்தோடும் நெட்வொர்க் டீமோடும் வரிவரியாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம்.